கண்ணாடியில் ஒட்டிய சார்ட் பேப்பர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படியைக் கண்டால் மட்டும் பேசும்.

பசுமைக் கட்டடச் சான்றிதழ் எல்லாம் காசுக்கு வாங்கும் பட்டயம், மண் கல்லில் கட்டும் உனக்கு அந்தக் காகிதமே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் நான் வரைபடம் போட்ட ஓர் அலுவலகத்துக்குப் போன வாரம் போனேன். பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போடும் அமெரிக்க முறையான லீட்டில் 110 புள்ளிக்கு 60 தொட்டால் தங்கம். அந்த அலுவலகமும் தங்கம்தான், பகல் வெளிச்சத்துக்கென்றே புள்ளி வாங்கியது. மூன்றாவது மாடியில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. சாயங்கால வெயில் தாங்காமல் அதன்மேல் சார்ட் பேப்பர் ஒட்டிவிட்டு, மூன்று மணிக்கே டியூப்லைட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பொருள்களுக்கான புள்ளி இன்னும் வேடிக்கை. லீட் நான்காம் பதிப்பில், ஐந்து உற்பத்தியாளர்களின் 20 பொருள்களுக்கு, அவற்றால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் அறிக்கை காட்டினால் ஒரு புள்ளி. அறிக்கையில் கரியமில அளவு கூடவா குறைவா என்பது அந்தப் புள்ளிக்குத் தேவையில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொடுத்தால் போதும், சர்க்கரை எவ்வளவென்று டாக்டர் பார்க்கமாட்டார் என்கிற மாதிரி. மனையிலேயே தோண்டிய மண்ணை அச்சில் அழுத்தி நீ செய்யும் கல்லுக்கு யார் அறிக்கை தருவார்கள்?

அதற்காகக் காகிதமே வேண்டாம் என்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. உன் மண் கல்லில் சிமெண்ட் 5 சதவீதம்தான் என்கிறாய். சரி. மழைக்காலத்தில் பயந்துபோய் ஆள் இன்னொரு சட்டி கொட்டினால் உனக்கு எப்படித் தெரியும்? அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல் எந்த ஊரிலிருந்து லாரி ஏறுகிறது என்று நாங்களும் முன்பெல்லாம் கேட்டதில்லை. புள்ளிக்காகத்தான் பில்லைக் கேட்கவே ஆரம்பித்தோம்.

என் கட்சி, மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. கட்டடங்களுக்குத் தரும் நட்சத்திரம். 2009-இல் வந்தது. ஆள் குடியேறி, ஓராண்டு ஓடிய மின்சாரத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்று வகுத்துப் பார்ப்பார்கள். கட்டும்போது விழுங்கிய சிமெண்டும் கம்பியும் அதில் வராது, அது குறைதான். ஆனால் மீட்டரிடம் சார்ட் பேப்பர் செல்லாது.

பொங்கலுக்கு வருகிறேன். உன் ஈ.பி. கணக்கை எடுத்து வை, நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன். அப்புறம், மாடி அறைக்கு ஏ.சி. வாங்கியதைத் தங்கச்சி போனில் சொல்லிவிட்டது. அதையும் சேர்த்தே வகுப்போம்.

அன்புடன்,
ரவி