ஊசலைத் தொடாமலே 9.8

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியலிலும் அடிப்படை அறிவியலிலும் சேர மாணவர்கள் முன்வருவதில்லை என்று ஆளாளுக்குக் குறைபடுகிறோம். சம்பளம், வேலை என்று காரணம் சொல்லி முடித்தும் விடுகிறோம். அது பாதிதான். மீதிப் பாதி செய்முறைக் கூடத்தில் நடப்பதை இயற்பியல் ஆசிரியராக இருந்து பார்த்தவன் நான்.

தனி ஊசல் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) சோதனையில் 20 அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி கூடும் அளவை, கணக்கிட வேண்டும். பலர் ஊசலைத் தொடுவதே இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற நேரங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டை நிரப்புகிறார்கள். (முழு மதிப்பெண்ணும் விழுகிறது!) நூலின் நீளத்தை நான்கு மடங்காக்கினாலும் அலைவு நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது; அதைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு ‘ஏன்?’ என்று கேட்க எப்படித் தோன்றும்?

‘இதைப் படித்து என்ன பயன்?’ என்கிறார்கள் பெற்றோர். கைபேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், சார்பியல் விளைவால் (வேகமும் ஈர்ப்பும் நேரத்தின் ஓட்டத்தையே மாற்றுவதால்) தரையிலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோவிநாடி முந்தும். திருத்தாவிட்டால் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் இடம் பிசகிவிடும். ஐன்ஸ்டைன் 1915-இல் பொதுச் சார்பியலை முடித்தபோது செயற்கைக்கோளே கிடையாது.

பாடத்திட்டத்தை மாற்றக் குழு போடுவதெல்லாம் அப்புறம். முதலில், செய்முறைத் தேர்வில் விடைக்கான மதிப்பெண்ணைக் குறைத்து, மாணவரே எடுத்த அளவீட்டுக்குக் கொடுங்கள். 9.4 வந்தால் வரட்டும். பிழை எங்கே நுழைந்தது என்று அவரே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்