பாடல்களுக்கு நடுவே இருந்த குரல்கள்

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தலைவர் அவர்களுக்கும் ஒலிக்களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

1925 டிசம்பர் 16 அன்று கொழும்பில் தொடங்கிய வானொலியின் வழிவந்த உங்கள் நிலையத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது அதன் இசைத்தட்டுகளைத்தான். அந்தப் பெருமை நியாயமானதே. எனினும், தட்டில் வெளிவந்த பாடலுக்கு வேறெங்கோ ஒரு பிரதி இருக்கக்கூடும், ஆனால் அறிவிப்பாளர்கள் எஸ். பி. மயில்வாகனனும் கே. எஸ். ராஜாவும் அப்பாடல்களுக்கு நடுவே பேசியவை நாடாவில் பதியப்பட்டிருந்தாலன்றி எங்குமே இல்லை.

எங்கள் வீட்டில் 1980களில் அப்பா பதிந்த கசெற் ஒன்று இருக்கிறது. பாடல் முடிந்தவுடன் பதிவை நிறுத்துவது அவர் வழக்கம். ஒரு தடவை மறந்துவிட்டார் போலும். பிறந்தநாள் வாழ்த்தொன்று, ஒரு குழந்தையின் பெயர், அதை வாழ்த்திய மாமன்மார் மாமிமாரின் நீண்ட வரிசை, அவர்களுடைய ஊர்கள் எல்லாம் அதில் விழுந்துவிட்டன. அவ்வூர்களிற் சில பின்னர் போரில் ஆளில்லாமற் போயின. அந்தக் கசெற்றின் பாடல்களை இன்று எவரும் எங்கும் கேட்கலாம். நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த வாழ்த்தைத்தான்.

ஆகவே என் வேண்டுகோள், தட்டுகளுக்கு முன்னர் பேச்சு நாடாக்களைக் கணினிப் பதிவாக்குங்கள் என்பதே. 'சானா' சண்முகநாதன் தயாரித்த நாடகங்கள், சில்லையூர் செல்வராசனின் வானொலி நாடகமான 'தணியாத தாகம்', நேயர்கள் எழுதியனுப்பிய கதைகளைக் கொண்ட 'இசையும் கதையும்' நிகழ்ச்சி ஆகியவற்றில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு நாடாவும், அக்காலத்து மனிதர் வீட்டுக்குள் எப்படிப் பேசினர் என்பதற்குச் சாட்சி. காந்த நாடாவின் பூச்சைப் பிடித்துவைக்கும் பசை ஈரக்காற்றில் இளகும். அப்படி இளகிய நாடாவை ஓட்டினால் பூச்சே உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும். கடலோரக் கொழும்பில் இதற்குத் தவணை சொல்ல இயலாது.

களஞ்சியத்தில் இல்லாதவற்றை நேயர்களிடம் கேளுங்கள். பிபிசி 1960களில் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் பல பகுதிகளைப் பின்னர் அழித்துவிட்டது. ஆனால் படம் கிடைக்காத பகுதிகளுக்குங்கூட ஒலி முழுமையாக உள்ளது. வீட்டிலிருந்து பதிந்துவைத்த ரசிகர்களே அதற்குக் காரணம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும், கடலுக்கு அப்பால் தமிழகத்திலும், புலம்பெயர்ந்தோர் பெட்டிகளிலும் இத்தகைய கசெற்றுகள் கிடக்கின்றன. அவற்றைப் பெற்றுப் பிரதியெடுத்துத் திருப்பிக்கொடுக்கவும், அறிவிப்பாளர் பெயரும் திகதியும் கொண்ட பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

அப்பாவின் கசெற்றை நீங்கள் கேட்கும் நாளில் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவர்