கெடுபிடி என்று தலைப்புப் போடும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சோதனை, அபராதம், கடைக்குச் சீல் என எது நடந்தாலும் தலைப்பில் ‘அதிகாரிகள் கெடுபிடி’ என்று போடுவது செய்தித்தாள்களில் வழக்கமாகிவிட்டது. என்ன நடந்தது என்பதே இதில் மறைந்துபோகிறது.

நடவடிக்கை எடுக்கும் விதத்தைக் குறிப்பதே கெடுபிடி. அதனால்தான் கெடுபிடி கூடியது, தளர்ந்தது என்கிறோம். ‘நேற்று நான்கு கெடுபிடிகள் நடந்தன’ என்று யாரும் சொல்வதில்லை. மேலும், அது அகப்பட்டுக்கொண்டவர் வாயில் வரும் சொல். ‘வாசலிலேயே ஒரே கெடுபிடி’ என்பார் உள்ளே போக முடியாதவர். நிறுத்திய காவலர் ‘சோதனை செய்தோம்’ என்பார். இச்சொல்லை எடுத்த உடனேயே செய்தியாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். சாயட்டும், ஆனால் தெரிந்து சாயட்டும்.

தேர்தல் காலத்தைப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவரிடம் பறக்கும் படை ஆவணம் கேட்பது சோதனை. ஆவணம் இல்லாத பணத்தை எடுத்துவைத்து ரசீது தருவது கைப்பற்றல். இதைப் ‘பறிமுதல்’ என்று எழுதினால், பணம் அரசுக்கே போய்விட்டது என்று படிப்பவர் நினைப்பார். வங்கிச் சீட்டு, விற்பனை பில் போன்றவற்றைக் காட்டி மாவட்டக் குழுவிடம் முறையிட்டு அதைத் திரும்பப் பெறலாம். அந்த வழி எந்தத் தலைப்பிலும் வருவதில்லை. பில்லைக் காட்டிய பிறகும் வண்டியை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தால், அதைக் கெடுபிடி என்று எழுதுங்கள்.

நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்து, கடனுக்காகப் பொருளை எடுப்பது ஜப்தி. கடன்பட்டவரின் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. பொருளை எடுக்க, சூரியன் மறைந்த பின்பும் உதிப்பதற்கு முன்பும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்கிறது 62ஆம் பிரிவு. ஆகவே டிக்ரிப்படி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணைப்படி, பகலில் வந்து டிவியை எடுத்துப் போவதில் கெடுபிடி ஏதுமில்லை. தையல்காரர் பிழைப்புக்கு வைத்திருக்கும் மிஷினைத் தூக்கினால், அல்லது இரவில் நுழைந்தால், அது சட்டமீறல். கடன் வசூல் ஆட்கள் நள்ளிரவில் கதவைத் தட்டுவது மிரட்டல். இவற்றையும் ‘கெடுபிடி’ என்று எழுதும்போது, குற்றம் வெறும் கண்டிப்பாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

தலைப்பில் செயலின் பெயரையே போடுங்கள். கெடுபிடி என்று வியாபாரிகள் சொன்னால், அவர்கள் சொன்னதாகவே செய்திக்குள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்