தம்பியின் கண்புரை

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. தம்பிக்கு 46 வயதுதான், அதற்குள் கண்புரையா என்று கேட்டிருந்தாய். டாக்டர் சீட்டில் ‘பி.எஸ்.சி.’ என்று இருக்கிறதாமே. அது தேர்வாணையம் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பின்னுறையை ஒட்டிப் படிகிற புரை. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

லென்ஸில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். நடுவில் இருக்கும் புரதம் பிறவியிலிருந்தே அங்கே இருப்பது, புதுப்பிக்கப்படாது. வயதாக ஆகத் திரண்டு மஞ்சளிக்கும். புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அப்போது கிட்டப்பார்வை கூடுவதால், சிலர் கண்ணாடியில்லாமலே பேப்பர் படித்து, பார்வை திரும்பிவிட்டதென்று சந்தோஷப்படுவார்கள், பாவம்.

தம்பிக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை. இது வெளிச்சம் நுழையும் வழிக்கு நேர் நடுவில் உட்காரும். வெயிலில் கண் பாப்பா சுருங்கினால் இந்தப் புரை வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். அதனால்தான் அவனுக்குப் பகலில் கூசுகிறது, சாயங்காலம் தேவலை.

இந்த வகை என்றாலே முதல் சந்தேகம் ஸ்டீராய்டு மேல்தான். ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் வியாதி எதற்காவது நாள்கணக்கில்லாமல் எடுத்தானா? வீட்டிலுள்ள கண் சொட்டு மருந்தையும் பார். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசொலோன் என்று இருந்தால் அதேதான். மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கண்ணில் விட்டால் இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் போய்விடும். அந்த ருசியில் மாதக்கணக்கில் விடுவார்கள். கண் பிரஷரும் சத்தமில்லாமல் ஏறும். புரையை எடுத்துவிடலாம், பிரஷரால் செத்த பார்வை நரம்பு திரும்பாது. அதனால் பிரஷர் பார்க்கச் சொல். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் தானாக நிறுத்திவிட வேண்டாம்; உடம்புக்கு ஆபத்து.

அடுத்து சர்க்கரை. மிதமிஞ்சிய குளுக்கோஸ் லென்ஸுக்குள் சார்பிட்டால் என்கிற ஒருவகைச் சர்க்கரைப் பொருளாக மாறி, வெளியேற முடியாமல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணாடிப் பவரும் கூடவே ஆடும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் கண்ணாடி மாற்றட்டும்.

பழைய அடி, கண்ணின் உள் அழற்சி, வெல்டிங் வேலை இவற்றையும் கேட்டுவை. செல்போன் பார்த்ததால் வந்ததில்லை, அவனைத் திட்டாதே. கரைக்கிற சொட்டு மருந்து என்று யார் விற்றாலும் வாங்காதே. முத்தட்டும் என்று காத்திருப்பதும் அந்தக் காலத்துப் பேச்சு. முற்றினால் லென்ஸ் கல்லாகி ஆபரேஷன்தான் சிரமமாகும்.

சொட்டு மருந்து டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பு. பிரஷர் எவ்வளவு என்றும் எழுது.

அன்புடன்,
மூர்த்தி