குடும்ப மருத்துவர்களுக்கு நீரிழிவுப் பராமரிப்பில் பயிற்சி தர வேண்டி சுங்கை சிப்புட் தோட்ட மக்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
மாநில சுகாதார இயக்குநர் அவர்கள்,
பேராக் மாநில சுகாதார இலாகா,
ஈப்போ.

பொருள்: தோட்டப்புற நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் மிஸ்ஸிகளுக்கும் (தாதியருக்கும்) நீரிழிவுப் பராமரிப்பிலும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதிலும் பயிற்சி அளிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மா 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கப் போனார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றியபோது இடது காலுறை ஈரமாக இருந்தது. வியர்வை என்று விட்டுவிட்டார். காலுறையை உருவிப் பார்த்தது நான்தான். பெருவிரலுக்குக் கீழே செம்பனை முள் ஒன்று முறிந்து உள்ளேயே கிடந்தது. சுற்றிச் சதை கறுத்து, வாடை வந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். வலிக்கவில்லையா என்றேன், இல்லை என்றார். ஆறு வாரம் கழித்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இனிப்பு நீர் இருப்பது அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். ஒரு தடவைகூட கிளினிக் தவறியவர் இல்லை. விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுத்து, ஒரு வெள்ளி கட்டி, விரலில் குத்தி இரத்தம் கொடுத்து, மருந்துப் பையோடு வீடு திரும்பினால் மதியம் ஆகிவிடும். அந்தப் பதினோரு ஆண்டில் யாரும் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால் பார்த்ததில்லை. அது எந்த கிளினிக் என்று எழுத விரும்பவில்லை. பார்த்த மருத்துவர்கள் எல்லாம் இளம் பிள்ளைகள், நல்லவர்கள். வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது அவர்களுக்குக் கிடைத்தது நான்கைந்து நிமிடம். அந்த நிமிடங்களுக்குள் எதைப் பார்க்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு முறையாகச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை என்பதே என் வருத்தம்.

மருத்துவர்கள் மலாயில் “மாக்கான் கெனா ஜாகா யா, அச்சி” (சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டும்) என்பார்களாம். எங்கள் தோட்டத்தில் ஜாகா என்றால் காவல்காரர். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் சந்தை மலாய்தான். சாப்பாட்டைக் கவனிக்கச் சொல்கிறார்கள் என்று அவராகப் புரிந்துகொண்டு பலகாரத்தை நிறுத்தினார், தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினார். ஆனால் டின் பாலை நிறுத்தவில்லை. “சீனி போடலையே, பால்தானே?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார். அந்த டின்னில் பாதிக்குப் பாதி சீனி என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியையாக இருந்த எனக்கும் அப்போது தெரியாது. மூன்று வேளையும் சோறு, மாலையில் ஒரு குவளை மைலோ. இதையெல்லாம் கேட்டறிய நிபுணர் தேவையில்லை. “காலையில் எழுந்து என்ன குடிப்பீர்கள்?” என்று கேட்கப் பழகிய ஒருவர் இருந்திருந்தால் போதும்.

தங்களுக்குத் தெரிந்த கணக்குதான், இருந்தாலும் எழுதுகிறேன். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டளவில் 15.6 விழுக்காடாக இறங்கியது நல்ல செய்தி. ஆனால் இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள். எங்கள் வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் மாத்திரை போடுகிறார் என்றால் மிகையில்லை.

நோயைக் கண்டுபிடிக்க அரசாங்கம் வழி செய்திருக்கிறது. 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் நாற்பது வயது தாண்டிய ஏழைகள் தனியார் கிளினிக்கிலேயே இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். சரி, கண்டுபிடித்த பிறகு? அங்கேதான் எங்கள் மக்கள் தனியாக விடப்படுகிறார்கள். சுகாதார அமைச்சு வெளியிட்ட நீரிழிவுச் சிகிச்சை வழிகாட்டியின் ஆறாம் பதிப்பு 2020-இல் வந்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது கால் பார்க்க வேண்டும், கண் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல நூல். அது தோட்டத்துச் சாப்பாட்டு மேசைக்கும் பூட்ஸுக்குள்ளும் வந்து சேர ஒரு மனிதர் வேண்டும். அவர்தான் குடும்ப மருத்துவர்.

குடும்ப மருத்துவ நிபுணராவதற்கு நான்கு ஆண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கிளினிக்குகள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒருவர் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே இப்போது இங்கே பணியில் இருக்கும் மருத்துவ அதிகாரிகளுக்குப் பணியிடத்திலேயே தொடர் பயிற்சி கொடுங்கள் என்று கேட்கிறோம். ஒரு நாள் ஹோட்டலில் உட்கார்த்திச் சான்றிதழ் கொடுக்கும் வகையாக அது இருக்க வேண்டாம். மாதம் ஒரு முறை ஒரு நிபுணர் வந்து, அவர்களுடைய சொந்த நோயாளிகளையே கூட உட்கார்ந்து பார்த்து, எது விட்டுப்போனது என்று பேச வேண்டும். மருத்துவர்கள் அடிக்கடி மாற்றலாகிப் போகிறார்கள், அதனால் புதிதாக வருபவருக்கு முதல் மாதமே இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியில் கால் பரிசோதனை கட்டாயம் இருக்கட்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி மங்கியிருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு “தெரிகிறதா?” என்று கேட்பது, அவ்வளவுதான். அம்மாவின் கால் போன பிறகு, மீதியிருக்கும் வலது காலில் அதைச் செய்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குதிகாலில் தொட்டார்கள், சும்மா இருந்தார். விரலில் தொட்டார்கள், சும்மா இருந்தார். “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார். நான் வெளியே வந்துவிட்டேன். இழை ஒன்று, ஓரிரு நிமிடம். இதை முன்பே செய்திருந்தால் அவருக்குத் தினமும் இரவு பாதத்தைப் பார்க்கவும், பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிப் போடவும் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம், நோயாளியின் வேலை நேரத்தைக் கேட்கப் பழக்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகிறவர் கிளிக்கிளாசைடு என்னும் நீரிழிவு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மரம் வெட்டினால் பத்து மணிக்குள் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கைகால் நடுங்கும். எங்களில் பலர் அதை மயக்கம், பித்தம் என்கிறார்கள். பயந்து மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். மருந்து சாப்பிட்டால்தான் கிட்னி போகும் என்றும், இன்சுலின் ஊசி வந்தால் கடைசிக் கட்டம் என்றும் நம்புகிறவர்கள் ஏராளம். அதட்டினால் இந்தப் பயம் போகாது. பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும், அதுவும் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். நோன்பு மாதத்தில் மருந்தை எப்படி மாற்றுவது என்று வழிகாட்டியில் தனிப் பகுதி இருக்கிறது, அது பாராட்டத்தக்கது. தைப்பூச விரதத்தையும் பற்றி அதே அக்கறையோடு கேட்கும்படி மருத்துவர்களுக்குச் சொல்லுங்கள்.

மருத்துவரோடு மிஸ்ஸிகளையும் மருத்துவ உதவி அதிகாரிகளையும் சேர்க்க வேண்டும். 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களை, நாங்கள் டிரஸ்ஸர் என்று கூப்பிடுகிறவர்களை, மறந்துவிட வேண்டாம். காயத்தை முதலில் பார்ப்பவர் அவர்தான். பட்டணத்துத் தனியார் கிளினிக் மருத்துவர்களையும் அழையுங்கள். தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள்.

தமிழில் விளக்கத் தாள்கள் வேண்டும், தோசை, இடியப்பம், ரொட்டி சானாய், மீ கோரெங் படங்களோடு. எழுத, மொழிபெயர்க்க, கிளினிக்கில் உடன் உட்கார்ந்து பேச ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறோம். காசு வேண்டாம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாதம் ஒரு நாள் கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தால் ஆட்களைக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு.

இதோடு கையெழுத்துப் பட்டியலை இணைத்திருக்கிறோம். கைநாட்டு வைத்தவர்களின் பெயரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சக்கர நாற்காலி நுழையும்படியான அறையாக இருந்தால் நல்லது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் நீரிழிவு நோயாளிகள், குடும்பத்தார் சார்பில்