யார்டுக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

துறைமுக, சுங்கத்துறை, மாவட்ட நிர்வாக அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் வடசென்னையின் மணலி விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2015இல் பறிமுதலான ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் என்னும் வெடிக்கக்கூடிய இரசாயனம், 37 கண்டெய்னர்களில் ஒரு யார்டில் ஐந்து வருடம் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அதே இரசாயனம் 2,750 டன் வெடித்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் இங்கேயும் அப்படி ஒன்று இருப்பது ஊருக்குத் தெரிந்தது. அந்த மாதமே லாரிகள் வந்தன, சரக்கு ஹைதராபாத்துக்குப் போனது. இவ்வளவு சீக்கிரம் நகர்த்த முடிந்ததை ஐந்து வருடம் ஏன் விட்டு வைத்தீர்கள்?

சரி, அது போய்விட்டது. இன்று எந்த யார்டில் எது இருக்கிறது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நினைத்துப் பாருங்கள். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் எங்கள் எண்ணூரின் பெரியகுப்பம் அருகே கசிந்தது. கண்ணும் தொண்டையும் எரிந்துதான் ஜனங்கள் விழித்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பாட்டிமாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடினார்கள். அதுதான் இன்றும் ஆறவில்லை. அம்மோனியா கசிந்தால் காற்று வீசும் திசையிலேயே ஓடக்கூடாது, அதற்குக் குறுக்காக விலகிப் போகவேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ளவேண்டும். இரண்டே வரி. ரேஷன் கடைச் சுவரில் எழுதிப் போட்டிருந்தால் போதும்.

இது நாங்கள் கேட்கும் சலுகை இல்லை. அபாயகர இரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளே, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லவேண்டும் என்கின்றன. ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரத் திட்டமும் வேண்டும் என்கின்றன. அந்தத் திட்டம் ஃபைலுக்குள் இருந்தால் குப்பத்துக்காரருக்கு என்ன பயன்?

பாதுகாப்புக் காரணம் என்று சொல்வீர்கள். எந்தக் கண்டெய்னர், எந்தப் பூட்டு என்று நாங்கள் கேட்கவில்லை. இரசாயனத்தின் பெயர், அதிகபட்ச அளவு, கசிந்தால் அல்லது தீப்பிடித்தால் செய்யவேண்டியது, இவ்வளவுதான். தீயணைப்பு நிலையத்துக்கு மட்டும் அன்றாட இருப்புப் பட்டியலே போகவேண்டும். 2022 ஜூனில் வங்கதேசத்தின் சீதாகுண்டா கண்டெய்னர் டிப்போவில் தீப்பட்டால் வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பது தெரியாமலே தீயணைப்பு வீரர்கள் உள்ளே போனார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை.

அனல்மின் நிலையம், சாம்பல் குளம், எண்ணெய் ஆலை, நிலக்கரி எல்லாம் எங்கள் பக்கம்தான். அந்த டிசம்பரிலேயே, அம்மோனியாவுக்கு முன்னால், புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது. வலையும் படகும் பாழாயின. நகரத்துக்கு வேண்டிய ஆபத்தையெல்லாம் சுமக்கிறோம். எதைச் சுமக்கிறோம் என்றாவது சொல்லக்கூடாதா?

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது ஒன்றுதான்: யார்டிலும் டேங்கிலும் குழாயிலும் என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லுங்கள். பட்டியலைத் தமிழில் வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் பெரியகுப்பத்தில் ஒரு ஒத்திகை நடத்துங்கள், இரவு நேரத்தில். ஆட்களைத் திரட்டுவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
எண்ணூர்வாசி ஒருவர்