கயலின் 49

காவேரிப்பட்டணம்,
தை 9.

அன்புள்ள செல்வராசுக்கு,

உன் கடிதம் போகிக்கு முந்தின நாளே கிடைத்துவிட்டது. பொங்கல், மாட்டுப் பொங்கல், அதைத் தொடர்ந்து பக்கத்து ஊரில் எருது விடும் விழா என்று வீடு நிறைய ஆட்கள். நீ கேட்டிருந்ததோ அவசரத்தில் பதில் எழுதக்கூடியது இல்லை. நேற்றுதான் கடைசி விருந்தாளியும் பஸ் ஏறினார். இன்று விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மாமரங்கள் இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கின்றன. பனி இன்னும் விடவில்லை, தத்துப்பூச்சி வந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். ஆனால் கேழ்வரகுக் களியை வேறு யாரும் கிண்ட விடுவதில்லை. பாலக்கோட்டில் தக்காளி விலை மறுபடியும் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாளில் மண்டியில் உட்கார்ந்து விவசாயிகளின் முகத்தைப் பார்ப்பது எத்தனை கடினம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது உன் மகள் கயல் விஷயம். அவளுடைய பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தாய். தமிழ் 88, ஆங்கிலம் 52, கணிதம் 97, இயற்பியல் 91, வேதியியல் 49, உயிரியல் 63. அதன் கீழே, 'மேடும் பள்ளமுமாக இப்படி வாங்கியிருக்கிற பிள்ளை ஐசர், பெங்களூரு அறிவியல் கழகம் என்று பெரிய அறிவியல் கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறாள். எல்லாப் பாடத்திலும் ஒரே சீராக 80 வாங்கியிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஆசையை இப்போதே நிறுத்தச் சொல்லட்டுமா?' என்று கேட்டிருந்தாய்.

சொல்லாதே. ஏன் சொல்லக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

காலாண்டு விடுமுறையில் அவள் இங்கே நான்கு நாள் இருந்தாள் அல்லவா? ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்: 'மாமா, பாட்டி பல் வெள்ளை. அப்பா பல் பழுப்பு. என் பல்லில் வெள்ளைக் கோடு கோடாக இருக்கிறது. தம்பி பல் மறுபடியும் வெள்ளை. ஒரே வீட்டில் ஏன் இப்படி?'

செல்வராசு, நாம் இருவரும் தருமபுரி கலைக் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். உன் பல்லை மூன்று வருடம் பார்த்தவன் நான். என் பல்லும் அதே நிறம்தான். நம் பக்கத்துத் தண்ணீர் அப்படி என்று சொல்லிவிட்டு நாம் அதோடு விட்டுவிட்டோம். இவள் விடவில்லை. உங்கள் தெருவில் 43 பேரைப் பார்த்து, பிறந்த வருடம், சிறு வயதில் குடித்த தண்ணீர், பல்லின் நிறம் என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாட்டி காலத்தில் திறந்த கிணறு. உன் காலத்தில் ஆழ்துளைக் கிணறு. அவளுக்கு ஐந்து வயதாகும்போது, 2013இல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. தம்பி அதற்குப் பிறகு பிறந்தவன். நிலைத்த பற்களின் எனாமல் ஈறுக்கு உள்ளேயே, ஏழெட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அந்த வயதில் குடித்த தண்ணீரில், பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளூரைடு மிகுதியாக இருந்தால் அது பல்லில் பதிந்துவிடும், பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் போகாது. இதில் பாதியை அவளே நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். மீதியை மட்டும்தான் நான் சொன்னேன்.

அடுத்த நாள் இன்னொரு கேள்வி. ஒரே பாறைதான், ஆனால் ஒரு போர்வெல்லில் ஃப்ளூரைடு அதிகம், பக்கத்துப் போர்வெல்லில் குறைவு, அது எப்படி? தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளூரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும், கால்சியம் குறைந்த தண்ணீரில் அது கரைந்தே கிடக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'அப்படியென்றால் ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். இரண்டையும் பெருக்கினால் ஒரே எண்தான் வர வேண்டும், இல்லையா மாமா?' என்றாள். ஃப்ளூரைடை இரண்டு முறை பெருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் கரைதிறன் பெருக்கம் என்ற தலைப்பில் வருவது இதுதான். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். பெயரே தெரியாமல் அதைத் தானாகக் கண்டு சொன்ன பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

வேதியியலில் 49 வாங்கியிருப்பது இந்தப் பெண்தான்.

அவளிடம் விசாரித்தேன். அவள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வருடம் பாதிக்கு மேல் வேதியியலுக்கு ஆசிரியர் இல்லை. கரிம வேதியியல் முழுவதையும் யாரும் நடத்தாமல் அவளே மனப்பாடம் செய்ய முயன்றிருக்கிறாள். அது அவளுக்கு வரவே வராது. காரணம் தெரியாத ஒன்றை அவளால் மனதில் நிறுத்த முடியவில்லை. கணிதத்தில் 97 வரவும் வேதியியலில் 49 வரவும் இந்த ஒரு குணமே காரணம் என்பது என் கணிப்பு. உயிரியல் 63ம் அதில் சேர்த்திதான்.

இனி விதிகளைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், மொத்தம் ஏழு இடங்களில் இருக்கிறது. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர். திருப்பதி நமக்கு அருகில். ஐந்து வருடப் படிப்பு, முடித்தால் பி.எஸ்., எம்.எஸ். இரண்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பொதுப் பிரிவினருக்கும் ஓபிசி பிரிவினருக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் இருந்தால் போதும், விண்ணப்பிக்கலாம். நம் கணக்கில் 600க்கு 360. அதற்கு மேல் 361 வாங்கினாலும் 590 வாங்கினாலும் வாசலில் இருவரும் ஒன்றுதான். இடத்தை முடிவு செய்வது ஐஏடி என்கிற நுழைவுத் தேர்வு. நீ எழுதி அனுப்பினாயே, அந்தப் பதினொன்றாம் வகுப்புத் தாள், அது இந்தக் கணக்கிலேயே வராது. வந்தாலும் அதன் கூட்டுத்தொகை 440. நீ கூட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தன் நான்கு வருடப் படிப்புக்கு ஐஏடி மதிப்பெண்ணைப் பார்த்தும் சேர்க்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மாந்தோப்புக் காவல்காரரின் மகன். இயற்பியலில் எப்போதும் முதல், ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறித் தேறுவான். ஐசர் பற்றி எங்கோ படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான். உன் மொத்த மதிப்பெண்ணுக்கு அது கிடைக்காது, வீணாக அலையாதே என்றேன். முன்பெல்லாம் அந்தந்த வாரியத்தில் முதல் இருபது சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்தப் பழைய விதியையே மனதில் வைத்துக்கொண்டு, மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் சொல்லிவிட்டேன். அவன் வாங்கியது 391. விண்ணப்பித்திருக்கலாம். இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு. தேர்வு எழுதும் உரிமை அவனுக்கு இருந்தது, அதை என் வாயால் இல்லாமல் செய்துவிட்டேன். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு இனிப்போடு வந்து என் காலைத் தொட்டு வணங்கினான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை கேட்டாலும் அந்த வருடத்து அறிவிப்பை முழுவதும் படித்துப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

கயலுக்கு ஆறுதல் சொல்ல நினைத்து ராமானுஜன் கதையை யாரும் எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவை. உன் மைத்துனர் கட்டாயம் எடுப்பார். கணிதத்தில் மூழ்கி மற்ற பாடங்களில் தவறிய ராமானுஜனுக்குக் கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று, சென்னையிலும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தேற முடியவில்லை, அதற்குப் பிறகு பல வருடம் வேலையும் இல்லாமல் சோற்றுக்கே கஷ்டப்பட்டார். அதைப் பிள்ளைக்கு ஆறுதலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் வேண்டும்.

ஏன் என்றால், உள்ளே போன பிறகும் வேதியியல் அவளை விடாது. ஐசரில் தொடக்கத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பாடங்கள் உண்டு. அதன் பிறகுதான் தனக்கு வேண்டிய துறையைத் தேர்ந்தெடுக்க முடியும். பெங்களூரிலும் முதல் மூன்று பருவம் எல்லோருக்கும் பொது. தேர்வும் அப்படித்தான். ஒவ்வொரு பாடத்திலும் 15 கேள்வி, மொத்தம் 60, நேரம் மூன்று மணி. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிப்பார்கள், விட்டுவிட்டால் ஒன்றும் இல்லை. வேதியியலில் தெரிந்த நான்கை மட்டும் எழுதினால் 16. அதோடு தெரியாத ஆறையும் குருட்டுத்தனமாகத் தொட்டு ஆறும் தவறானால் 10 ஆகிவிடும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை அவள் எடுத்தது நல்லதாகப் போயிற்று. நான்கு பாடமும் அவள் கையில் இருக்கிறது. அதில் ஒன்றிலாவது பள்ளியில் படிக்காமல் வந்து உட்காரும் பிள்ளைகள்தான் அந்த அறையில் நிறைய இருப்பார்கள்.

ஆங்கிலம் 52 என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கவலை இருக்கிறது, மறைக்கவில்லை. கேள்வித்தாள் தமிழில் வராது. கேள்வி புரியாமல் ஒரு மதிப்பெண்ணும் போகக் கூடாது. அதனால் இப்போதிருந்தே வேதியியல், உயிரியல் இரண்டுக்கும் என்சிஇஆர்டி என்ற மத்திய அரசு அமைப்பின் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாங்கிக் கொடு. நம் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் நான்கு பக்கம் படிக்கட்டும். தேர்வுக்கான பாடத்திட்டமும் அந்தப் புத்தகத்தை ஒட்டியதுதான்.

செலவைப் பற்றி நீ எழுதவில்லை. எழுதாததாலேயே அதுதான் உன் மனதில் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். கயல் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அப்படிப் படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி (அந்தப் பெங்களூரு அறிவியல் கழகம்தான்) போன்ற இடங்களில் சேரும் பிள்ளைகளின் இளநிலைப் படிப்புச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் என்று 2022 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஐசர் அந்தப் பட்டியலில் எப்படி வருகிறது, என்னென்ன தாள் வேண்டும் என்று தருமபுரி முதன்மைக் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்க் கேள். நானும் உடன் வருகிறேன்.

இடம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. நாடு முழுவதும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். கிடைக்காமல் போனால் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு, கணிதம் மட்டும்தான். அவளுடைய 97ஐ அங்கே யாரும் வேதியியலோடு சேர்த்துச் சராசரி பார்க்க மாட்டார்கள். அதற்கும் எழுதட்டும். எதுவுமே அமையாவிட்டால் நாம் படித்த கல்லூரி இருக்கிறது, அங்கிருந்தும் மேலே போகலாம். ஆனால் எழுதிப் பார்க்காமலே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதே.

அவளை மார்ச் வரை சனிக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் இங்கே அனுப்பு. கரிம வேதியியலை முதல் பக்கத்திலிருந்து நானே நடத்துகிறேன், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. மாலை ஆறு மணிக்குள் திருப்பி பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று தங்கச்சியிடம் சொல். வரும்போது இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்பு. ஒன்றில் உங்கள் வீட்டுப் பழைய போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். பக்கத்து ஊராட்சியில் கேட்டு ஒரு பரிசோதனைப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஃப்ளூரைடு மிகுதியாக இருந்தால் அதில் சிவப்பு நிறம் வெளுத்து மஞ்சளாகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் குடிக்கலாம் என்பது விதி. உன் பல்லைப் பழுப்பாக்கிய தண்ணீர் எத்தனை என்று அவளே அளந்து நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்.

அம்மா உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
சிவலிங்கம்

பின்குறிப்பு: விண்ணப்பம் மார்ச் வாக்கில் திறப்பார்கள், தேர்வு மே கடைசியிலோ ஜூனிலோ இருக்கும். அதற்கு முன் இசேவை மையத்தில் ஓபிசி சான்றிதழுக்கு எழுதிப் போடு. நம் மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் புதிதாக வாங்கியது வேண்டும். தாலுகா அலுவலகத்தில் நாள் ஆகும், கடைசி நேரத்துக்கு விடாதே.